பச்சை வளையம்

பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்காரும் பையன் ஒருவனுடைய கையெழுத்து, திடீரென்று கெட்டுப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சென்ற வருஷம் வரையில் முத்துக் கோத்தாற்போல் எழுதி வந்தவன், இப்போது கோழி கிளறினாற்போல் கிறுக்குகிறான். வாத்தியார் அதட்டுகிறார். தகப்பனார், "கவனம் போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார். சில மாதங்கள் சென்றதும் பையனுக்குப் பேச்சுக் குழறுகிறது. வாயோரத்தில் எச்சில் வழிகிறது. காப்பி டம்ளரைக் கையில் எடுத்தால் பாதி சட்டையில் கொட்டுகிறது. பசுவைப்போல் சாதுவாக இருந்தவன் தொட்டதற்கெல்லாம் சீறி விழுகிறான்; காரணமில்லாமல் அழுகிறான்; சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறான். பாட்டி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறாள். அதற்கும் வசப்படாமற் போகவே விபூதி மந்திரிப்பவர் வருகிறார். அவருக்குப் பின் ஊர் வைத்தியர்; அவருக்குப் பின் பட்டணத்து வைத்தியர்; அவருக்கும் பின் சித்த சுவாதீனம் தவறியவர்களைக் கவனிக்கும் வைத்தியர்.

இத்தனை பேரும் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தார்கள். ஆனால் அந்த முகத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும் ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின் விளிம்பைத்தான் சொல்லுகிறேன். அங்கே, பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறினாற் போல், பச்சையும் பழுப்பும் கலந்த மெல்லிய வளையம் ஒன்று இருந்திருக்கும். வெள்ளைக்காரர்களின் நீலக் கண்ணில் அது சில சமயம் எதிரே நின்று பார்த்தாலே தெரியும். நம்மவர்களின் கரிய கண்ணில் அவ்வளவு சுலபமாகத் தெரிந்து விடாது. கண் வைத்தியரிடம் போய், மோவாயைத் தாங்கியில் வைத்து, 'ஸ்லிட் லாம்ப்' என்னும் விளக்கொளியில் காட்டினால் அகப்பட்டு விடும். நரம்புக் கோளாறு வரையில் வந்து விட்ட நோயாளிகளில் அநேகமாக எல்லோரிடமும் அந்த வளையம் உண்டு.

பையனுக்கு வந்திருப்பது வில்ஸன் வியாதி. தாய் தந்தையர் வழியாகக் குழந்தைக்கு வரும் நோய்; கல்லீரலிலே தொடங்கி மூளையிலே போய்க் குடியேறுவது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்று கணக்கிடுகிறார்கள். "இவ்வளவு அபூர்வமான வியாதியைப் பற்றிக் குடும்பஸ்தர்கள் தெரிந்து கொண்டு என்ன ஆகப் போகிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பரம்பரையாக மூளையைப் பிடிக்கும் வியாதிகள் பெரும்பாலும் வைத்தியருடைய கையைக் கட்டிப் போட்டு விடுகின்றன. பெயர் சொல்லலாம், ஆறுதல் சொல்லலாம், தடுத்து நிறுத்த முடியாது. இந்த வியாதியோ அவற்றிலிருந்து விலகி நிற்பது. மாத்திரையால் நிறுத்தக் கூடியது. வேளையோடு கண்டு பிடித்தால் பெரும்பாலும் திருப்பவும் கூடியது. ஆகவே இதனால் ஒரு பிள்ளையை இழந்தால், பல சமயங்களில் நாம் பார்க்காமல் விட்டதால்தான் இழக்கிறோம்.

கண்ணில் உள்ள வளையத்தை 1902-இல் கைஸர் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர் கண்டு எழுதினார். மறு வருஷம் பிளைஷர் என்ற இன்னொரு ஜெர்மானியர் கண்டார். ஆனால் அந்த வளையம் எதனால் உண்டாயிற்று என்பது அப்போது இருவருக்கும் விளங்கவில்லை. பின்னர் லண்டனில், குவீன் ஸ்கொயரில் உள்ள நரம்பு நோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கின்னியர் வில்ஸன் என்ற 33 வயது டாக்டர், 1912-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். இளம் வயதில் உடம்பு முறுக்கிக் கொண்டு, கை நடுங்கி, பேச்சிழந்து மாண்டு போனவர்களின் சரித்திரம் அது. அவர்களுடைய மூளையின் அடிப்பாகத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி சிதைந்து போயிருந்தது. மைசூர்ப் பருப்பின் வடிவமாக இருப்பதால் அந்தப் பகுதிக்கு மேல்நாட்டார் பருப்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. உயிரோடிருந்த காலத்தில் கல்லீரலைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத அந்த மனிதர்களின் கல்லீரல், அறுத்துப் பார்த்தபோது கரடு முரடாகச் சுருங்கிக் கிடந்தது!

மூளைக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? ஈரலிலிருந்து ஏதோ ஒரு விஷம் புறப்பட்டு மூளையைத் தாக்குகிறது என்று வில்ஸன் ஊகித்தார். ஊகம் சரிதான். ஆனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பிகளுக்கு இந்த நோய் வருவதைக் கண்ணாரக் கண்டும், இது பரம்பரை வியாதி அல்ல என்று அவர் எழுதி வைத்தார். கண்ணில் உள்ள வளையத்தையும் அவர் அந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. தம்முடைய பெயரைத் தாங்கப் போகும் வியாதியின் இரண்டு முக்கிய அடையாளங்களை ஒரு மேதாவி தவற விட்டார் என்றால், ஊர் வைத்தியரையும் பாட்டியையும் நாம் ரொம்பக் கோபித்துக் கொள்வதற்கில்லை.

அந்த விஷம் இன்னதென்பது மறு வருஷமே ஒருவர் கையில் அகப்பட்டது. அகப்பட்டும் பயனில்லாமற் போயிற்று. 1913-இல் ரும்பெல் என்பவர் இப்படி இறந்த ஒருவருடைய ஈரலில் தாமிரம் மிதமிஞ்சி இருப்பதைக் கண்டார். அதை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. 1948-இல் லண்டனில் கமிங்ஸ் என்பவர், ஈரலில் மட்டுமல்ல, மூளையிலும் தாமிரம் குவிந்திருப்பதை அளந்து காட்டிய பிறகுதான் உலகம் விழித்துக் கொண்டது. இடையிலே போன 35 வருஷங்களில் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் மாண்டார்களோ, அதற்குக் கணக்கு இல்லை.

நிற்க. தாமிரம் நமக்கு விரோதி அல்ல. ரத்தத்துக்கும் நரம்புக்கும் அது சிறிதளவு தேவை. நாம் உண்ணும் சோறு, பருப்பு, காய்கறி எல்லாவற்றிலுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் உள்ளே போகிறது. தேவைக்கு மேற்பட்டதை ஈரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலில் தள்ளி வெளியே அனுப்பி விடுகிறது. ஈரல் வீட்டில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான கட்டளை நம் உடம்பின் 13-ஆம் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. 1993-இல் அந்தக் கட்டளையைக் கண்டு பிடித்து, அதற்கு ஏடிபி7பி என்று பெயர் சூட்டினார்கள். அதில் எழுத்துப் பிழை நேர்ந்தவர்களுக்குத் தாமிரம் வெளியே போகிற வாசல் அடைபட்டுப் போகிறது. இப்படிப்பட்ட பிழைகளில் 500-க்கும் மேற்பட்டவை இதுவரையில் தெரிய வந்திருக்கின்றன. வரவு உண்டு, செலவு இல்லை என்ற குடும்பம் பணக்காரக் குடும்பமாகும். ஈரல் விஷயத்தில் அது நேர் விபரீதம். குழந்தை பிறந்த நாள் முதல் தாமிரம் துளித் துளியாகச் சேர்கிறது. ஈரலில் இடம் போதாமற் போனதும் ரத்தத்தில் வழிந்து, மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் போய்த் தங்குகிறது. ஆதலால்தான் பிறவியிலேயே உள்ள நோய் ஐந்தாறு வயது வரையில் தலை காட்டுவதில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காமாலையாக வருகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் நரம்புக் கோளாறாக வருகிறது. சிலருக்கு முப்பது வயதுக்கு மேலும் வருவதுண்டு.

இனி மருந்தின் கதை. அது யுத்த களத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாவது மகா யுத்தத்தின்போது, ஆர்ஸெனிக் கலந்த விஷப் புகைக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டில் ஒரு மருந்து கண்டு பிடித்தார்கள். உலோக விஷங்களைப் பற்றி இழுத்து வெளியேற்றும் குணம் அதற்கு உண்டு. அதை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் தாமிரம் இறங்கியது. கை நடுக்கமும் குறைந்தது. ஆனால் அது சதையிலே போடும் ஊசி. உயிர் போகும்படி வலிக்கும். நாளடைவில் பலனும் மங்கி விடும். ஆயுள் முழுவதும் அதைப் போட்டுக் கொண்டிருப்பது யாராலும் ஆகிற காரியமல்ல.

அச்சமயத்தில் ஜான் வால்ஷ் என்ற இளம் ஆங்கில வைத்தியர், மேற்பயிற்சிக்காக அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போயிருந்தார். அவருடைய தகப்பனார் ஸர் பிரான்ஸிஸ் வால்ஷ், கின்னியர் வில்ஸன் வேலை பார்த்த அதே குவீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் பெயர் பெற்ற நரம்பு வைத்தியர். ஆனால் பிள்ளை ஈரல் ஆராய்ச்சிக்குப் போய் விட்டார். தந்தையின் துறை மூளை, மகனுடைய துறை ஈரல். இரண்டும் வந்து சந்திக்கிற வியாதியோ இது! பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஒரு வில்ஸன் நோயாளியைப் பற்றி விவாதித்துக் கொண்டிருந்தபோது, வால்ஷுக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. பெனிஸிலின் கொடுக்கப்பட்ட ஈரல் நோயாளிகளின் சிறுநீரில் முன்னொரு சமயம் லண்டனில் அவர் ஒரு புதுப் பொருளைக் கண்டிருந்தார். அது பெனிஸிலின் உடைந்து உண்டாகும் துண்டு. பெனிஸிலமைன் என்று பெயர். 'அதன் அமைப்பைப் பார்த்தால் தாமிரத்தைக் கவ்விக் கொள்ள வேண்டுமே!' என்று அவருக்குத் தோன்றியது.

அந்நாளில் அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற சரக்கல்ல. அருகில் இருந்த தொழில்நுட்பக் கழகத்தின் ரசாயனப் பேராசிரியர் ஷீஹன் என்பவரிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தார்கள். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் வால்ஷ் ஒரு கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நோயாளிக்குக் கொடுத்தார்கள். சிறுநீரில் தாமிரம் மளமளவென்று இறங்கியது. 1956-இல் இந்தச் செய்தி வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அதுவரையில் மரண தண்டனையாக இருந்த வியாதி, வாயால் விழுங்கும் மருந்துக்கு அடங்கியது. இன்றைய ஆராய்ச்சி விதிகளின்படி பார்த்தால் வால்ஷ் செய்தது ஒழுங்கான காரியம் அல்ல என்று சொல்வார்கள். இருக்கலாம். பிறர் வயிற்றுக்குள் போகப் போவதை முதலில் தம் வயிற்றில் போட்டுப் பார்த்த அந்த மனிதரைப் பற்றி எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

பெனிஸிலமைன் எல்லோருக்கும் ஒத்துக் கொள்வதில்லை. சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வரும். சிலருக்குச் சிறுநீரகம் கெடும். நரம்புக் கோளாறு உள்ளவர்களில் சிலருக்கு ஆரம்பத்தில் நோய் அதிகமாவதும் உண்டு. ஒரு நோயாளிக்கு அது ஆகாமற் போனபோது வால்ஷ் சோர்ந்து விடாமல், 1969-இல் டிரையன்டீன் என்ற வேறு மருந்தைத் தேடிக் கொடுத்தார். அவர் 102 வயது வரை வாழ்ந்து 2022-இல் காலமானார்.

இன்னொரு மருந்து ரொம்ப எளியது: துத்தநாகம். அது குடலிலேயே வாசலில் நின்று தாமிரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. 1961-இல் ஹாலந்து தேசத்தில் ஒருவர் இதை எடுத்துச் சொன்னார். அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரம் கிடைப்பதற்கு 1997 வரையில் ஆயிற்று. மற்ற இரண்டையும்விட விலை குறைவாகையால் நம் நாட்டில் பல குடும்பங்களுக்கு இதுவே கைகொடுக்கிறது. இதைப் படித்து விட்டு யாரும் தாமாகவே துத்தநாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். யாருக்கு எது, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஈரல் முற்றிலும் கெட்டு, மருந்துக்கு நேரமில்லாமற் போனவர்களுக்கு மாற்று ஈரல் பொருத்துகிறார்கள். புது ஈரலில் அந்த எழுத்துப் பிழை இல்லாததால் தாமிரத்தின் வாசலும் திறந்து விடுகிறது.

இந்த இடத்தில், பரணில் தாமிரக் குடம் வைத்திருக்கும் மாமிமார்கள் பயப்படக் கூடும். பயம் வேண்டாம். தாமிரப் பாத்திரத்தினால் வில்ஸன் வியாதி வருவதில்லை. பிறவியிலேயே வாசல் அடைபட்டவர்களுக்கு மட்டுமே வரும். அப்படிப்பட்ட நோயாளி உள்ள வீட்டில் தாமிரச் செம்பில் வைத்த தண்ணீரை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது வாஸ்தவம். ஈரல், நண்டு, முந்திரிப் பருப்பு, காளான், சாக்லேட் இவற்றையும் விலக்கச் சொல்வார்கள். முந்திரி இல்லாத பாயசம் பாயசமா என்று பையன் கேட்டால், ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிச் சமாதானம் செய்யலாம். முன்காலத்தில் நம் நாட்டில் பச்சைக் குழந்தைகளுக்கு ஈரல் கெட்டு இறந்து போகும் வியாதி ஒன்று இருந்தது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலே அதற்குக் காரணம் என்று 1980-களில் ஆராய்ச்சிக்காரர்கள் வாதித்தார்கள். எவர்ஸில்வர் வந்த பிறகு அந்த வியாதி அரிதாகி விட்டது. ஆனால் அது வேறு, இது வேறு.

குடும்பத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். நம் ஒவ்வொருவரிடத்திலும் அந்தக் கட்டளையின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. ஒரு பிரதி நன்றாக இருந்தாலே போதும், நோய் வராது. 90 பேரில் ஒருவர் இப்படி ஒரு பிழைப் பிரதியைச் சுமந்து கொண்டு, அதை அறியாமலே ஆயுள் முழுவதும் ஆரோக்கியமாக இருந்து விடுகிறார். இரு பக்கத்திலும் பிழைப் பிரதி உள்ள தம்பதிகளுக்கு, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. நியூயார்க்கில் பேர்ன் என்ற டாக்டர் 1950-களில் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து இந்தக் கணக்கை நிலைநாட்டினார். நோயாளிகளின் தாய் தந்தையர் பல இடங்களில் உறவினர்களாக இருந்ததையும் அவர் கண்டார். காரணம் வெளிப்படை. ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே பிழை இரு கிளைகளிலும் இறங்கியிருந்தால், அத்தை மகனும் மாமன் மகளும் மணம் செய்து கொள்ளும்போது அவை இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேருவது சுலபம். அக்காள் மகளைக் கொள்வதிலும் அப்படியே. சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று சம்பந்தம் செய்து கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. இப்படி மணந்தவர்கள் எல்லோருக்கும் நோய்க் குழந்தை பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்குப் பிறப்பதில்லை. ஆனால் பிறந்து விட்ட இடத்தில் மருமகளைக் குற்றம் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதற்குச் சாஸ்திரத்தில் இடமே கிடையாது. பிழை இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் நோய். மாமியாருடைய மகனும் அதில் சரிபாதி.

இதைவிடக் கொடியது மறைக்கிற வழக்கம். ஒரு பையனுக்கு வில்ஸன் வியாதி என்று டாக்டர் சொன்னவுடன், "அவனுடைய தங்கையையும் அழைத்து வாருங்கள்" என்று சொல்வார். வீட்டில் அழைத்து வர மாட்டார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற சமயம்; ஊரில் தெரிந்தால் யார் வருவார்கள்? அந்தப் பெண் பார்வைக்கு ஆரோக்கியமாகவும் இருப்பாள். அவளுக்கும் நோய் இருப்பதற்கு நாலில் ஒரு பங்கு சாத்தியம். ரத்தத்தில் தாமிரத்தைத் தாங்கும் புரதத்தின் அளவு, ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரில் உள்ள தாமிரத்தின் அளவு, கண் பரிசோதனை, முடிந்தால் மரபுப் பரிசோதனை, இவ்வளவுதான் வேண்டியது. நோய் வெளிப்படுவதற்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரையும் போல் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், கல்யாணம் செய்து கொள்கிறார்கள். பெண்கள் வைத்தியரின் மேற்பார்வையில் மருந்தை விடாமலே கருவுற்று நல்ல குழந்தைகளைப் பெறுகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நோய் வரும் அபாயம் 200-இல் ஒன்று அளவே. உறவில் மணந்திருந்தால் அதிகம். மறைத்ததனால் கிடைத்த மாப்பிள்ளை, இரண்டு வருஷம் கழித்து மனைவியின் பேச்சுக் குழறும்போது என்ன செய்வான் என்பதையும் பெரியவர்கள் யோசிக்க வேண்டாமா?

மருந்து ஆரம்பித்த குடும்பங்களுக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. அது குணமாவதுதான்! கை நடுக்கம் நின்று, பையன் மீண்டும் முத்துப் போல் எழுதுகிறான். "எல்லாம் சரியாகி விட்டதே, இன்னும் ஏன் மாத்திரை?" என்று தோன்றுகிறது. வெளியூர்ப் பிரயாணத்தில் நாலு நாள் விட்டுப் போகிறது. ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் நாற்பதாகிறது. வாசல் அடைபட்டது அடைபட்டதுதான் என்பதும், உள்ளே தாமிரம் மறுபடியும் சேர்ந்து கொண்டேயிருக்கிறது என்பதும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. இப்படி நன்றாக இருந்து கொண்டே மருந்தை நிறுத்தி விட்ட 11 பேரைப் பற்றி 1986-இல் வால்ஷும் அவருடைய சகாவும் எழுதினார்கள். அவர்களில் 8 பேர் இறந்து போனார்கள். நிறுத்திய பிறகு அவர்கள் சராசரி மூன்று வருஷம்கூட இருக்கவில்லை. இரண்டாந்தரம் வருகிற நோய் பெரும்பாலும் முதல் தரத்து மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆகவே அந்த மாத்திரை, பல் விளக்குவதைப் போல் ஆயுள் உள்ளவரை. பெனிஸிலமைன் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். துத்தநாகம் என்றால் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில். பரீட்சை நாளிலும், தீபாவளியன்றும், கல்யாண வீட்டிலும் அப்படியே. வருஷத்துக்கு இரண்டு முறையாவது ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். கண் வைத்தியரிடமும் இடையிடையே போக வேண்டும். அந்தப் பச்சை வளையம் முதலில் கருவிழியின் மேல் விளிம்பில் தோன்றி, பிறகு கீழே தோன்றி, கடைசியில் பக்கங்களிலும் பரவி முழு வட்டமாகிறது. மருந்து ஒழுங்காக உள்ளே போய்க் கொண்டிருந்தால், வந்த வழியே திரும்புகிறது. முதலில் பக்கங்கள் வெளுக்கின்றன. பின்பு கீழ் விளிம்பு. மேல் இமைக்கு அடியில் உள்ள பிறை மட்டும் சில வருஷம் தங்கியிருக்கும். அதையும் காணவில்லை என்று டாக்டர் விளக்கை அணைத்து விட்டுச் சொல்லும் நாளில், பையன் மோவாயைத் தாங்கியிலிருந்து எடுத்துக் கொண்டு எழுந்திருப்பான். மறு நாள் காலையிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவனுக்கு மாத்திரை உண்டு.